கூட்டுக் கிணறும் 2965-ம் நம்பரும்

2011-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பெரியப்பா கோவைக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு ஃபிளாப்பி. கூட்டுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று அப்பாரு 2002-ல் ஒரு டிடிபி சென்டரில் டைப் செய்து வைத்த ஒப்பந்தம் அதில் இருந்தது. பிரிண்ட் எடுத்த தாள் செல்லரித்துப் போய்விட்டது. பங்காளிகளுக்குள் பேச்சு முற்றியிருந்த நேரம் அது.

ஃபைல் திறந்தது. ஆனால் தமிழ் இல்லை. கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் பக்கம் பக்கமாக நின்றன. “ஏந்தம்பி, வைரசா?” என்றார் பெரியப்பா. வைரஸ் இல்லை. ஃபாண்ட் இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, நம்பர்தான் தெரியும். எந்த நம்பருக்கு எந்த எழுத்து என்பதை யாராவது முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் ஃபாண்ட் தயாரித்தவர்கள் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்தார்கள். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ணு’ வைத்தார். நம் ஊரில் மோட்டார் பம்ப்புக்கு போல்ட் வாங்கப் போனால் 12 எம்.எம். என்று சொன்னால் போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியிருந்தால்? தமிழ் ஃபாண்டுகளின் நிலைமை அப்படித்தான் இருந்தது.

இதைச் சரி செய்ய 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 கீபோர்டும் வந்தன. கீபோர்டு நிலைத்தது. குறியீடுகள் அந்த அளவுக்கு ஓடவில்லை. இதற்கிடையே யூனிகோடு வந்துவிட்டது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 2000 முதல் அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வந்து சேர்ந்தது. யூனிகோடில் ‘க’ என்றால் 2965. காங்கேயத்திலும் கனடாவிலும் அதே நம்பர்தான். பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து ஃபாண்ட் செய்யலாம். ஓப்பன் ஸ்டாண்டர்டு, அதாவது திறந்த தரம் என்பது இதுதான். சாஃப்ட்வேர் இலவசமா, காசா என்பது வேறு விஷயம்.

மத்திய அரசு 2009-ல் மின் ஆளுமைக்கு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. தமிழக அரசின் முடிவு 2010 ஜூனில், நம் கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் வந்தது. தமிழ் இணைய மாநாடும் அங்கேயே நடந்தது. கண்காட்சி அரங்கில் முண்டியடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். யூனிகோடோடு டேஸ்16 என்ற இன்னொன்றையும் அரசு ஏற்றது. யூனிகோடில் ‘கொ’ என்பதற்கு 2965, 3018 என்று இரண்டு நம்பர் வேண்டும். டேஸ்16-ல் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி நம்பர். அச்சுத் தொழிலுக்கு அது வசதி என்றார்கள். ஆனால் அதற்கான ஃபாண்ட் எதிராளியிடமும் இருக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு யூனிகோடே போதும் என்பது என் கருத்து.

எழுத்து ஒன்றானால்தான் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று தமிழில் பேச முடியும். ஒவ்வொரு துறையும் தன் சாஃப்ட்வேரைத் தானே வைத்துக்கொள்ளும்; அடுத்த துறை கேட்டால் ஒப்புக்கொண்ட வடிவத்தில் பதில் தரும். இந்த ஏற்பாட்டுக்கு சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-ல் வந்த பதிவுத்துறையின் ஸ்டார் 2.0-ஐ வருவாய்த்துறையின் ‘தமிழ் நிலம்’ சாஃப்ட்வேரோடு இணைத்ததை இதற்குப் பக்கத்து உதாரணமாகச் சொல்லலாம். உட்பிரிவு தேவைப்படாத நிலமாக இருந்தால், பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதலுக்கான விவரம் கம்ப்யூட்டர் வழியே போய்விடும். வாங்கியவர் பெயர் வழியில் குப்பையாக மாறினால் யார் பேருக்குப் பட்டா கொடுப்பது?

சரி, பெரியப்பாவின் ஃபிளாப்பிக்கு வருவோம். உங்களிடமும் இப்படிப் பழைய ஃபைல் இருந்தால் வேர்டில் திறந்து எழுத்துகளின் மேல் கர்சரை வையுங்கள். ஃபாண்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே தெரியும். எனக்கும் தெரிந்தது. டைப் செய்த சென்டரைத்தான் மூடிவிட்டிருந்தார்கள். காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர், “ஏனுங்க, அந்த ஃபாண்டா? இருக்குதுங்க” என்று தன் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினார்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய ஃபாண்டில் கொம்பு முன்னால் இருக்கும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வரும். ஆகவே பெயர்களையும் சர்வே நம்பர்களையும் பிரிண்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்பேடில் சேவ் செய்வதானால் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்றும் பாருங்கள். அன்றைய எக்ஸ்பியில் ஆன்சி என்று இருந்ததைக் கவனிக்காமல், வந்த எச்சரிக்கைக்கும் ஓகே கொடுத்து, முதல் தடவை பக்கம் முழுக்கக் கேள்விக்குறியாக்கினேன்.

மூன்றாம் பக்கத்தைப் பெரியப்பா இரண்டு முறை படித்தார். புதன் ராத்திரித் தண்ணீர் எங்களுடையது இல்லை. அது சித்தப்பா வீட்டுப் பங்கு. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.