எடை குறைப்பு ஆபரேஷனில் கல்லீரல் பயாப்ஸி: பயப்பட வேண்டுமா?

உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது, "கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பலாமா?" என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். பயாப்ஸி என்றாலே புற்றுநோய்தான் என்று பதறும் குடும்பங்கள் உண்டு. அதனால் விவரத்தை இங்கே தருகிறோம்.

உடல் பருமன் மிகுந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். மதுவைத் தொடாதவர்களுக்கும் இது வரும். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். பலருக்கு அது கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கோ அழற்சியாகி, தழும்பாகி, சிரோசிஸில் போய் முடியும். அதுவரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். ஆனால் அழற்சி உண்டா, தழும்பு 0 முதல் 4 வரை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த ஆபரேஷனின்போதே எடுப்பதில் வசதி இருக்கிறது. நோயாளி ஏற்கெனவே மயக்கத்தில் இருப்பதால், பிறகு தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை. கேமராவில் கல்லீரலைப் பார்த்தபடியே எடுப்பதால், இரத்தம் கசிந்தால் உடனே தெரியும்; அங்கேயே நிறுத்தலாம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பில் அந்தச் சிறு துண்டு ஒரு குறையும் ஆகாது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டோம். இரத்தக் கசிவும் பித்தநீர்க் கசிவும் அரிதாக ஏற்படலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் பயாப்ஸி தேவைப்படாது. "எனக்கு எதற்காக?" என்று கேளுங்கள். மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பயாப்ஸி ரிப்போர்ட் வராமல் இருக்கலாம். மறக்காமல் பின்னர் கேட்டு வாங்குங்கள். எடை குறையும்போது பலருக்குக் கல்லீரல் கொழுப்பும் அழற்சியும் குறையும். ஆனால் சிரோசிஸ் என்று வந்திருந்தால், எடை குறைந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை வாங்காமல் விட்டால் இது தெரியாமலே போய்விடும்.

படிவமோ ரிப்போர்ட்டோ ஆங்கிலத்தில் இருந்து புரியாவிட்டால், நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், வாசித்துச் சொல்கிறோம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதித் தருகிறோம்.