தன்னார்வத்துக்கு ஓர் ஓய்வூதியம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சிற்றூர்களில் தீயணைப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். தச்சுப் பட்டறையிலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள், அழைப்பு வந்ததும் ஓடுகிறார்கள். இவர்களைத் தக்கவைக்கவே அம்மாநிலம் 1980-களின் இறுதியில் சேவைக்கால வெகுமதித் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது.

பயிற்சிக்கும் தீயணைப்பு அழைப்புகளுக்கும் புள்ளிகள் உண்டு. ஆண்டில் 50 புள்ளிகள் சேர்ந்தால் ஓராண்டுச் சேவை கணக்கில் ஏறும். ஓராண்டுக்கு மாதம் 20 டாலர் என ஓர் ஊர் நிர்ணயித்தால், 20 ஆண்டு உழைத்தவர் உரிய வயதுக்குப் பின் மாதம் 400 டாலர் பெறுவார். அடுத்த 20 ஆண்டுகளுக்கு அது 96,000 டாலர். ஒதுக்கிய நிதியின் முதலீட்டு வருவாய் ஒரு பகுதியைத் தாங்கும். சந்தை சரிந்தால் சொத்து வரி செலுத்துவோர்தான் ஈடுகட்ட வேண்டும். திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம் என்பது நல்லதே. ஆனால், இன்று வாக்களிப்போரும் நாளை வரி கட்டுவோரும் ஒருவரே அல்லர்.

இதை வீண்செலவு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. இரவும் பகலும் முறைவைத்து ஊதியப் பணியாளரை அமர்த்துவது சிற்றூருக்குக் கட்டுப்படியாகாது. என் ஐயம் வேறு. 25 வயது இளைஞருக்கு 65 வயதில் கிடைக்கவிருக்கும் 100 டாலரின் இன்றைய மதிப்பு, 5 சதவீத வட்டியில், சுமார் 14 டாலர்தான். ஊருக்கோ அது நெடுங்காலக் கடப்பாடு. அவரைக் கவரும் ஆற்றலோ சொற்பம். ஏற்கெனவே நரைத்தவர்களைத்தான் அது இழுத்துப் பிடிக்கும்.

2022-இல் வந்த சட்டப்படி, உள்ளாட்சிகள் தன்னார்வலர் வீட்டின் வரி மதிப்பில் 10 சதவீதம் வரை விலக்களிக்கலாம். சில ஆண்டுச் சேவையிலேயே பயன் கிட்டுவதால் இதுவே எனக்கு ஏற்புடையது; வாடகை வீட்டில் வசிக்கும் இளைஞரை மட்டும் இதுவும் எட்டுவதில்லை.