அருவாளுக்குத் தோய்ச்சல்: சூட்டை அளந்து பிடிக்கும் கேஸ் உலை

களைக்கொல்லி அடிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணின தோட்டத்துல, அந்த வேலையை எடுத்துச் செய்யறது கையும் கத்தியும்தான். வேலியோரக் கிளைரிசிடியாவை வெட்டி மூடாக்குப் போட, சோளத்தட்டு அறுக்க, தென்னையில காஞ்ச மட்டை கழிக்க, களை சுரண்ட எல்லாத்துக்கும் வாய் நிக்கிற இரும்பு வேணும். காலையில தீட்டின அருவா மத்தியானத்துக்குள்ள மழுங்கினா ஆள்கூலி ஏறுது. "பேசாம மருந்தே அடிச்சிரலாம்" என்கிற பேச்சு பல தோட்டத்துல அங்கேதான் தொடங்குது. அதனால இயற்கை உழவர்களான நாம் மண்ணைப் பத்திப் பேசற அளவுக்கு இரும்பைப் பத்தியும் பேசணும்.

அருவா மழுங்கினா "இரும்பு சரியில்லை" என்போம். சாதாரணத் தகட்டில் செய்த அருவாளுக்கு அது உண்மைதான். அதுல கரி (கார்பன்) குறைவு. எப்படித் தோய்ச்சாலும் கெட்டிப்படாது. ஆனா லாரி பட்டையில், அதாவது லீப் ஸ்பிரிங்கில் அடித்த கொடுவாளும் மழுங்கினா, இல்லை வாய் தெறிச்சா, குற்றம் பெரும்பாலும் சூட்டில்தான்.

சூடு தவறினா என்ன ஆகும்?

லாரி பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கரி இருக்கும். சுமார் 800 டிகிரி தாண்டும்போது இரும்பின் உள்கட்டு மாறி, இந்தக் கரி அதுக்குள்ள கரையுது. அந்த நிலையில் சட்டுன்னு எண்ணெயில் முக்கினா, கரி வெளியேற நேரமில்லாம உள்ளேயே மாட்டிக்கும். அந்த இறுக்கம்தான் கெட்டித்தன்மை.

சூடு பத்தலைன்னா கரி முழுசாக் கரையாது, வாய் மடங்கும். சூடு மிஞ்சினா இரும்புக்குள்ள இருக்கிற மணிகள் பருத்துப் போகும், வாய் தெறிக்கும். சரியான சூட்டுக்கு இருக்கிற இடைவெளி 40, 50 டிகிரிதான். பட்டறை ஆசாரி இதைக் கண்ணால பிடிக்கிறார். பட்டறையை இருட்டா வெச்சிருக்கிறதுக்குக் காரணமும் அதுதான். ஒரே சூடு உச்சி வெயிலில் மங்கலாவும் அந்தியில் பளிச்சுன்னும் தெரியும்.

இந்தக் கைத்திறன் கொங்கு மண்ணுக்குப் புதுசல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் வைத்து உருக்கு செய்ததற்கான தடயங்களும் கிடைத்தன. 2,000 ஆண்டுக்கு முந்தைய வேலை அது. தென்னாட்டு உருக்கு பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போனப்போ, அங்கத்துக் கொல்லர்கள் தங்கள் இரும்பைப் போலவே அதையும் வெள்ளையாகும்வரை காய்ச்சி அடித்தார்கள், உடைஞ்சு நொறுங்கிச்சு. சூட்டின் அளவு தெரியாதவர் கையில் நல்ல உருக்கும் வீண்தான்.

அந்த அளவைக் கண்ணுக்குப் பதில் கருவி காட்டினா, ஒவ்வொரு அருவாளும் ஒரே தரத்தில் வரும். அடித்து வடிவம் கொடுப்பது வழக்கமான கரி உலையிலேயே நடக்கட்டும். கேஸ் உலை கடைசித் தோய்ச்சலுக்கு மட்டும்.

உலையின் உடம்பு

10 அங்குல விட்டம், 18 அங்குல நீளத்தில் இரும்புத் தகட்டை உருட்டிய குழாய் போதும். பழைய கேஸ் சிலிண்டரை அறுக்கவே கூடாது. உள்ளே 1260 டிகிரி தாங்கும் செராமிக் கம்பளி, ஒரு அங்குல கனத்தில் இரண்டு சுற்று. அதன்மேல் உலைச் சிமென்ட் அரை அங்குலம் பூசணும். பூசாத கம்பளியின் தூசி நுரையீரலுக்குக் கேடு. வெட்டும்போதும் ஒட்டும்போதும் முகக்கவசம் கட்டாயம். எல்லாம் போக உள்வாய் 5 அங்குலம் மிஞ்சும். ஒரு முழுக் கொடுவாள் தாராளமாப் போகும். இரண்டு முனையையும் தீச்செங்கல்லால் பாதி மூடலாம். முழுசா அடைக்கக் கூடாது.

முக்கால் அங்குல பர்னர் ஒண்ணு போதும். கேஸின் வேகமே காற்றை இழுத்துக்கொள்ளும் வென்சுரி வகை நல்லது. கேஸ் கூடினா காற்றும் கூடும், குறைஞ்சா குறையும். புளோயர் வைத்தால் கேஸ் குறையும்போதும் காற்று அதே அளவு வந்து, இரும்பில் செதில் கட்டும். பர்னரை நேரா நடுவில் வைக்காம, உள்சுவரை ஒட்டி நெருப்பு சுழலும்படி சாய்த்து வைக்கணும். நெருப்பு நேரா அருவா வாயில் படக் கூடாது.

கோவை வார்ப்பாலைகள் நிறைஞ்ச ஊர். கம்பளி, உலைச் சிமென்ட், பர்னர், கீழே வரும் கருவிகள் எல்லாம் அங்கே உலை சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பட்டைக்கு நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகள் இருக்கு. கேஸ் இணைப்பு வேலையை மட்டும் அனுபவமுள்ள ஃபிட்டரிடம் விட்டுவிடுங்க.

சூட்டைப் பிடித்து நிறுத்துவது

இதுக்கு மூன்று பொருள் வேணும்: கே டைப் தெர்மோகப்பிள், பி.ஐ.டி. கன்ட்ரோலர், கேஸுக்கென்றே உள்ள இரண்டு சோலனாய்டு வால்வு.

செராமிக் உறை போட்ட தெர்மோகப்பிளை, அருவா கிடக்கும் மட்டத்தில், நெருப்புக்கு எதிர்ப்பக்கமா நுழைக்கணும். அதன் வயரும் கே டைப்புக்கு உரியதாவே இருக்கணும். பிளஸ், மைனஸ் மாறினா உலை சூடாகச் சூடாக மீட்டர் இறங்கும். கேஸ் நிக்காம ஓடும். முதல் தடவை பத்த வைக்கும்போதே இதைக் கவனிங்க.

ரெகுலேட்டரைத் தாண்டினதும் முதல் சோலனாய்டு. கரண்ட் இருந்தாத்தான் இது திறக்கும்; மொத்தக் கேஸுக்கும் இதுதான் காவல். அதுக்கப்புறம் குழாய் இரண்டாப் பிரியும். ஒரு கிளையில் ஊசி வால்வு. எப்பவும் சிறு நெருப்பு எரிய அது வழிவிடும். இன்னொரு கிளையில் இரண்டாவது சோலனாய்டு. கன்ட்ரோலர் சொன்னா திறந்து பெருநெருப்பு தரும். இரண்டு கிளையும் மறுபடி சேர்ந்து பர்னருக்குப் போகும்.

ஊசி வால்வை வைக்கிற கணக்கு எளிது. சிறு நெருப்பு மட்டும் எரியும்போது உலைச்சூடு மெல்ல இறங்கணும், பெருநெருப்பில் ஏறணும். சிறு நெருப்பு பர்னர் குழாய்க்குள்ள பின்வாங்கிப் பொட்டுப்பொட்டுன்னு எரிஞ்சா, கேஸ் பத்தலைன்னு அர்த்தம், கொஞ்சம் கூட்டுங்க.

மீட்டர் சரியாக் காட்டுதான்னு பார்க்க சமையல் உப்பு போதும். அது 801 டிகிரியில் உருகும். சின்ன இரும்புக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை வைத்து, உருகும்போது மீட்டரைப் பாருங்க. காந்தம் இன்னொரு சாட்சி. சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கரண்ட் போனா முதல் வால்வு மூடிக்கும். ஆனா கரண்ட் திரும்பினதும் தானா திறந்தா, நெருப்பில்லாத உலையில் கேஸ் நிரம்பி வெடிக்கும். அதனால பட்டனை ஆள் அமுக்கினாத்தான் மறுபடி திறக்கும்படி ரிலே வைக்கச் சொல்லுங்க. தெர்மோகப்பிள் அறுந்தா கேஸை நிறுத்தும்படியும் கன்ட்ரோலரை அமைக்கணும். இத்தனை இருந்தாலும் எரியும் உலையை விட்டு ஆள் நகரக் கூடாது.

எல்.பி.ஜி. காற்றை விடக் கனம். கசிஞ்சா தரையில் தங்கும். குழியிலோ மூடிய அறையிலோ உலை வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த சாளைதான் சரி. அடைச்ச இடத்தில் நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடும் ஆளைச் சாய்க்கும். சிலிண்டர் 10 அடி தள்ளி நிக்கட்டும். ஒவ்வொரு இணைப்பையும் சோப்புத் தண்ணீரில் சோதிங்க. வீட்டுச் சிலிண்டரை இதுக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது; 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். இந்த அளவு பர்னர் மணிக்கு ஒரு கிலோ அளவில் கேஸ் எடுக்கும்.

தோய்ச்சல் வைக்கும் முறை

லாரி பட்டை எல்லாம் ஒரே ரகமில்லை. அதனால முதலில் சோதனைத் துண்டு. ஒரே பட்டையில் மூணு துண்டு வெட்டி, 830, 850, 870 டிகிரியில் ஒவ்வொண்ணையும் எண்ணெயில் முக்குங்க. அரம் போட்டா வழுக்கணும், வழுக்கலைன்னா கெட்டிப்படலை. பிறகு பாங்கில் பிடித்து உடைங்க. உடைஞ்ச முகம் மாவு மாதிரி நைஸாச் சாம்பல் நிறத்தில் இருந்தா அந்தச் சூடு சரி. சர்க்கரை மாதிரி மினுங்கினா சூடு அதிகம். கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் உடைக்கணும்.

அடித்து முடித்த அருவாளை முதலில் இரண்டு மூணு தடவை காய்ச்சி, ஒவ்வொரு தடவையும் காற்றில் ஆறவிடணும். அடிபட்ட இறுக்கம் தளர்ந்து, மணிகள் சீராகும். பிறகு தேர்ந்தெடுத்த சூட்டில் உலை நின்னதும் உள்ளே வைங்க. மீட்டர் காட்டுவது உலையின் சூடு, அருவாளின் சூடல்ல. அருவா நிறமும் உலைச் சுவர் நிறமும் ஒண்ணானப்புறம் இன்னும் 5 நிமிஷம் விட்டு எடுங்க.

உயரமான இரும்புப் பாத்திரத்தில் 10, 15 லிட்டர் எண்ணெய், கை பொறுக்காத அளவு, 50 முதல் 60 டிகிரி வரை சூடா இருக்கட்டும். கடலை எண்ணெய் போதும். பலகாரக் கடையில் கழிக்கிற எண்ணெயை வடிகட்டியும் எடுக்கலாம். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதன் புகையும் கழிவும் நம்ம மண்ணுக்கு ஆகாது. தண்ணீரில் முக்கினா பட்டை விரிசல் விடும். பக்கவாட்டில் ஆட்டாம மேலும் கீழும் ஆட்டுங்க. எண்ணெய் பத்திக்கிட்டா மூடி போட்டு அணைக்கணும். தண்ணீர் ஊத்தவே கூடாது.

இப்ப அருவா கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையும். ஆறினதும் அன்னைக்கே இளக்கணும். கேக் சுடுற மின் அடுப்பே போதும். கத்தி, கதிர் அருவாளுக்கு 200 முதல் 220 டிகிரி. கொடுவாளுக்கு 230 முதல் 250 டிகிரி. இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை. மின் அடுப்பு இல்லைன்னா பழைய முறை இருக்கவே இருக்கு. வாயைப் பளபளப்பாத் தேய்த்து, முதுகுப்பக்கம் காய்ச்சினா நிறம் ஓடி வரும். வைக்கோல் நிறம் சுமார் 220, பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்தணும். கல்லில் மோதும் களைக்கொத்தை மட்டும் ஊதா வரை விடலாம்.

யார் வைப்பது?

ஒரு தோட்டத்துக்கு ஒரு உலை தேவையில்லை. நாலஞ்சு ஊர் உழவர் குழு சேர்ந்து, இன்னும் பட்டறை நடத்துற ஆசாரியின் சாளையில் வைப்பதுதான் சரி. செலவு குழுவுடையது, கை அவருடையது. கேஸ் மண்ணெடுத்த எரிபொருள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். சாண எரிவாயுவிலும் முயலலாம். ஆனா அழுத்தமும் சூடும் குறைவு என்பதால் அதுக்கு வேறு பர்னர், புளோயர் வேணும். இப்போதைக்கு ஒரு சிலிண்டரில் பல டஜன் அருவா தோய்ச்சல் ஆகும். அத்தனையும் வருஷக்கணக்கில் உழைக்கும்.

வேலையில்லாம மூடுற பட்டறை ஒண்ணு நம்ம ஊரிலும் இருக்கும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த ஆசாரியையும் கூப்பிடுங்க. சோதனைத் துண்டு மூணு உடைச்சுப் பார்த்தா, எந்தச் சூடு சரின்னு அவர் நமக்கு முன்னாடியே சொல்லிருவார்.