ஸ்பானிஷ் மொழியில் முதுகலை: வேண்டுவன யாவை?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணிதம்)

அறிவியல் பயிலும் மாணவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கிறது. இளநிலையில் எடுத்த பாடம் எதுவோ அதுவே வாழ்நாள் முழுதும் நம்மைத் தொடரும் என்பதே அது. கணிதம் படித்தவன் கணிதத்திலேயே மேற்படிப்புப் படிக்க வேண்டும். இல்லையேல் போட்டித் தேர்வுக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது வழி இல்லை என்று கருதுகிறோம். இக்கருத்து முற்றிலும் சரியன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்டது, ஸ்பானிஷ் மொழி இலக்கியத்தில் முதுகலைப் பட்டம்.

குடவாசலில் இருந்துகொண்டு ஸ்பானிஷா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஸ்பெயின், மெக்சிகோ, கியூபா, அர்ஜென்டினா, சிலி முதலான இருபது நாடுகளின் ஆட்சிமொழி அது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. எனினும் எனக்கு அதில் நாட்டம் பிறந்ததற்குக் காரணம் வேறு, அது நெல்.

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் வாலென்சியா என்னும் நகரம் உள்ளது. அதனை அடுத்த அல்புஃபேரா ஏரியைச் சுற்றிலும் நெல்வயல்கள். அப்பகுதியில் வாய்க்கால் நீர் பற்றிய வழக்குகளைத் தீர்க்க, உழவர்கள் தம்முள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமை தோறும் பெருங்கோயில் வாசலில் கூடுகின்றனர். விசாரணை முழுவதும் வாய்மொழியே. இத்தண்ணீர் நீதிமன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. முறைப்பாசனமும் மடைச் சண்டையும் அறிந்த நமக்கு இது அயலான செய்தியா?

அவ்வூரில் பிறந்த பிளாஸ்கோ இபானியெஸ் 1898-இல் 'லா பர்ராக்கா' என்ற நாவலை வெளியிட்டார். குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஓர் உழவன். அந்நிலத்தை இனி எவரும் உழக்கூடாது என்று ஒன்றுபடும் ஊர். பசியோடு வந்து அதில் குடியேறும் மற்றோர் ஏழைக் குடும்பம். இவைதாம் கதை. 1902-இல் வந்த அவருடைய மற்றொரு நாவலில், ஏரியில் மண்ணைக் கொட்டிக் கொட்டி வயலாக்கும் ஒரு தந்தை வருகிறார்.

என் தந்தையார் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்பவர். குத்தகை நெல் அளந்து போனபின் களத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைச் சிறுவயது முதல் கண்டவன் நான். இத்தகைய கதைகளை அம்மொழியிலேயே படித்து, ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழில் தருவோர் நம் பகுதியிலிருந்தும் வரவேண்டும் என்பது என் ஆவல். இலத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்ந்தது என்பதை இலக்கிய ஆர்வலர் அறிவர்.

இனி, இம்முதுகலைக்கு வேண்டுவன யாவை எனக் காண்போம். அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஓர் இளநிலைப் பட்டம். பி.ஏ. ஸ்பானிஷ் முடித்தவர்க்கு இது நேர்வழி. மற்றவர்களுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்ட நெறிமுறை, நுழைவுத் தேர்வில் தகுதி பெறுபவர் இளநிலையில் எப்பாடம் பயின்றிருந்தாலும் வேறு பாடத்தில் முதுநிலை சேரலாம் என்று இடம் தருகிறது. ஆயினும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மதிப்பெண், மொழித்தகுதி ஆகியவற்றுக்குத் தனி விதி வகுக்கிறது. எனவே அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படிப்பது இன்றியமையாதது.

இரண்டாவது, நுழைவுத் தேர்வு. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் முதுகலை நடத்துகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைச் சேர்க்கைக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெற்று வருகிறது; ஸ்பானிஷ் அதில் ஒரு தேர்வுப் பாடம்.

மூன்றாவது, மொழிப் புலமை. இதுவே உண்மையான வாயிற்காவலன். முதுகலை வகுப்பில் அகரம் கற்பிப்பதில்லை. ஸ்பானிஷில் நூலைப் படித்து, ஸ்பானிஷிலேயே விடை எழுத வேண்டும்.

மொழித்திறனை அளக்க ஐரோப்பியர் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என அது ஆறு படிகள் கொண்டது. முதலிரண்டு படிகள் தொடக்க நிலை. நடுவில் உள்ள இரண்டும் தன்னிறைவு நிலை. கடைசி இரண்டும் தேர்ச்சி நிலை. இலக்கியம் பயில விரும்புவோர் பி2 படியையாவது எட்டியிருத்தல் நலம். இப்படிகளுக்கு 'டெலே' என்ற சான்றிதழ்த் தேர்வு உண்டு. ஸ்பெயின் அரசு 1991-இல் நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனம் இதனை நடத்துகிறது. அந்நிறுவனத்தின் கிளை ஒன்று புதுடெல்லியில் உள்ளது. ஒருமுறை பெற்ற டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பணிக்குப் போதிய அளவு ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என மதிப்பிட்டுள்ளது. நமக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகலாம். குறைந்த அளவாக 730 மணி என்று கொள்வோம். நாளுக்கு ஒரு மணி நேரம் எனில் இரண்டு ஆண்டுகள். நாளுக்கு இரண்டு மணி நேரம் எனில் ஓராண்டு. அதாவது முதலாமாண்டின் முடிவில் தொடங்குபவர்க்கு ஒரு மணி போதும். என்னைப் போல் இரண்டாமாண்டின் முடிவில் நிற்பவர்க்கு இரண்டு மணி தேவை. மூன்றாமாண்டு முடிந்தபின் தொடங்குபவர், பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நம்மைத் தடுப்பது பாடம் அன்று, காலமே என்பது இக்கணக்கால் விளங்கும்.

கற்பது எளிதா? தமிழருக்குச் சில நலன்கள் உண்டு. தமிழைப் போல் ஸ்பானிஷும் பெரும்பாலும் எழுதியவாறே படிக்கப்படுவது. நாம் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஸ்பானிஷிலும் 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். ரகர, றகர வேறுபாடு போன்றதொன்றும் அங்கு உண்டு. 'பெரோ' என்றால் ஆனால். 'பெற்றோ' என்பது போல் றகரத்தை உருட்டி ஒலித்தால் நாய்! நாகப்பட்டினத்தில் ஒருகாலத்தில் வாணிகம் செய்த போர்ச்சுகீசியரின் மொழி ஸ்பானிஷுக்கு உடன்பிறந்தது. ஆகவே நாம் அவர்களிடம் பெற்ற மேசை, அலமாரி, பாதிரி ஆகிய சொற்களின் உறவினரை ஸ்பானிஷில் மேசா, அர்மாரியோ, பாத்ரே என்று காணலாம்.

முதுகலையில் பயில்வது என்ன? இந்தியாவில் பொதுவாக நான்கு பருவங்கள். 1605, 1615 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த செர்வாந்தேசின் 'தோன் கிஹோத்தே', லோப்பே தே வேகாவின் நாடகங்கள், லோர்க்காவின் கவிதைகள் என ஸ்பெயினின் இலக்கியம் ஒருபுறம். நோபல் பரிசு பெற்ற கப்ரியேலா மிஸ்த்ரால் (1945), பாப்லோ நெரூதா (1971), கார்சியா மார்க்கேஸ் (1982) முதலியோரின் இலத்தீன் அமெரிக்க இலக்கியம் மறுபுறம். இவற்றோடு மொழியியல், மொழிபெயர்ப்பு, பண்பாட்டு வரலாறு ஆகியனவும் அடங்கும்.

ஸ்பெயினில் முதுகலை 60 முதல் 120 ஐரோப்பியப் பாட அலகுகள் கொண்டது. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 60 அலகுப் படிப்பு ஓராண்டில் முடியும்; இறுதியில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். நம் பட்டத்தை அந்நாட்டுப் பட்டமாக மாற்றிப் பதிய வேண்டுவதில்லை. அது நம் நாட்டில் முதுநிலைக்கு வழிவிடும் பட்டமா என்று பல்கலைக்கழகம் சரிபார்த்தால் போதும். அமெரிக்காவில் ஏறத்தாழ 30 அலகுகளும், குறித்த நூற்பட்டியல் மீது ஒரு விரிவான தேர்வும் இருப்பது வழக்கம். இளநிலை மாணவர்க்கு ஸ்பானிஷ் கற்பித்துக்கொண்டே கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் பெறும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு.

"அதப் படிச்சா வேலை கெடைக்குமா தம்பி?" என்று என் தாயார் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ஓராண்டு வீணானால் அதைத் தாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆதலால் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. மொழிபெயர்ப்பு, சுற்றுலா, அயல்நாட்டு வாடிக்கையாளரோடு தொடர்புடைய நிறுவனப் பணிகள் ஆகியவற்றில் இம்மொழிக்கு இடமுண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு ஸ்பானிஷ் பாடத்திலும் நடைபெறுகிறது. ஆனால் இடங்கள் மிகுதி என்று சொல்லி நண்பர்களை மயக்க நான் விரும்பவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் மொழி பயில்வதால் கணிதப் பட்டம் எங்கும் போய்விடாது. மொழி கைகூடினால் அந்தக் கதவைத் தட்டலாம். கைகூடாவிட்டால் கணிதம் இருக்கிறது. தாயாரிடம் நான் சொன்ன விடை இவ்வளவே. "செலவு இல்லாம படிக்கிறதுன்னா படி" என்றார்.

செலவு குறைந்த வழிகளும் உள்ளன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் ஸ்பானிஷ் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை வகுத்துள்ளது. தொடக்கப் பாடங்கள் கைபேசியிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பேச்சுப் பயிற்சிக்குத் துணை வேண்டும். அது தனியாளால் ஆகாது. நம் கல்லூரியில் ஆர்வமுள்ள நால்வர் சேர்ந்தால், வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே ஒரு மொழி வகுப்பாகிவிடும். விரிவுரையாளர் பெருமக்கள் நூலகத்திற்கு ஒரு ஸ்பானிஷ் இலக்கணமும் ஓர் அகராதியும் வாங்கித் தந்தால் பேருதவியாக இருக்கும். முதலாமாண்டு மாணவர்களே இதில் முதலில் சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள். கணக்கின்படி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும் என்ற நற்பேறு அவர்களுக்கே வாய்த்திருக்கிறது.