யார் கொடுத்த மாத்திரை?

திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையிலோ தில்லை நகரில் ஏதோ ஒரு மருத்துவமனையிலோ எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு முதல் இரண்டு இரவுகள் கொடியவை. அந்த இரவுகளில் அவரைத் தூங்க வைக்கும் மாத்திரைகளில் ஒன்று டாபென்டடால். அதே மாத்திரையை அட்டை அட்டையாக வைத்திருந்த இளைஞர்கள் திருச்சியிலும் சென்னையிலும் கைதாகும் செய்திகளும் அடிக்கடி வருகின்றன. நாளிதழ்கள் அதைப் ‘போதை மாத்திரை’ என்கின்றன. ஆனால் அது கள்ளத்தனமாகக் காய்ச்சப்பட்ட சரக்கு அல்ல. உரிமம் பெற்ற ஆலையில் தயாராகி, மருத்துவர் சீட்டுக்கு மட்டும் தரவேண்டிய மருந்தாகக் கடைக்கு வந்தது. அது எப்படி இருபது வயதுப் பையனின் கைக்கு வந்தது? இதற்கு யார் பொறுப்பு? பதில் சொல்வதற்கு முன் அந்த மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் அளவு மீறினால் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கும்; ஆனால் மனிதரை அடிமையாக்குவதில்லை. அடிமையாக்கக்கூடியவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரீட்ரிக் சேர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். டிரமடால், டாபென்டடால் போன்றவை அதே வேலையைச் செய்ய ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவை.

எங்கோ வயலில் வளரும் ஒரு செடியின் பாலுக்கு மனித மூளை ஏன் இப்படி மயங்க வேண்டும்? 1973-ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளைச் செல்களில் இந்த மருந்துகள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். செடிக்காக மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்காதே! இரண்டே ஆண்டுகளில் விடை வந்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் மூளை தானே சுரக்கும் வலிநிவாரணியைக் கண்டுபிடித்தார்கள். நம் உடலே தனக்கு வேண்டிய அபினைத் துளித்துளியாகத் தயாரித்துக்கொள்கிறது. செடியின் பால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பிகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தடுக்கின்றன. மூளையின் இன்ப மையங்களில் இதத்தைத் தருகின்றன. மூளைத்தண்டில் மூச்சின் வேகத்தைக் குறைக்கின்றன. குடலின் அசைவை மெதுவாக்குகின்றன. வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபெரமைடு மாத்திரையும் ஓபியாய்டுதான் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமான அளவில் அது மூளைக்குள் நுழைய முயன்றாலும் அங்குள்ள காவல் புரதம் ஒன்று அதை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் குடலோடு நிற்கிறது. மூளைக்குள் நுழைய முடிகிறதா இல்லையா என்ற வேறுபாடுதான் ஒன்றைச் சாதாரண மருந்தாகவும் மற்றொன்றை ஆபத்தான மருந்தாகவும் ஆக்குகிறது.

வெளியிலிருந்து நாள்தோறும் ஓபியாய்டு வந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. ஏற்பிகளின் உணர்திறனைக் குறைக்கிறது. அடக்கப்பட்ட நரம்புகளை எதிர்த்திசையில் முடுக்குகிறது. நேற்று ஒரு மாத்திரையில் கிடைத்த இதத்துக்கு இன்று இரண்டு தேவைப்படுகிறது. திடீரென்று மாத்திரை நின்றால், பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போது எதிரணி கயிற்றை விட்டதும் இந்த அணி மல்லாக்க விழுமே, அப்படி உடல் நிலைகுலைந்து விழுகிறது. வியர்வை, மயிர்க்கூச்சு, வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் வலி, தூக்கமற்ற இரவு. இப்போது அந்தப் பையன் மாத்திரை தேடுவது சுகத்துக்காக அல்ல. இந்த வாதையிலிருந்து தப்ப. “மனசு வச்சா விட்டுடலாம்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். விட நினைக்கும் மனமும் அதே மூளையில்தான் இருக்கிறது.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் ஆபத்து பன்மடங்கு. மாத்திரையில் சேர்த்திருக்கும் கரையாத மாவுப்பொருள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். சில வாரம் நிறுத்தியிருந்து மறுபடி பழைய அளவைப் போடுபவருக்கு மூச்சே நின்றுவிடலாம். தாங்கும் சக்தி அதற்குள் போயிருக்கும்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? அமெரிக்காவின் கதை ஒரு விடை சொல்கிறது. 1980-ல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளில் அடிமையானவர்கள் மிகச் சிலரே என்றது. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஓபியாய்டு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாக அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் காட்டப்பட்டது. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதை 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராக அழிவு பரவியிருந்தது.

நம் நாடும் விலகி நிற்கவில்லை. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஓராண்டுக்குள் மருந்துக்கடை ஓபியாய்டுகளைப் போதைக்காகப் பயன்படுத்தியிருந்தார். 2018-ல் டிரமடாலை மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது; டாபென்டடால் அப்போது அதில் சேர்க்கப்படவில்லை. 2025 பிப்ரவரியில் மும்பை நிறுவனம் ஒன்று டாபென்டடாலையும் தசைத்தளர்வு மருந்தான கேரிசோப்ரோடாலையும் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவந்ததை பிபிசி வெளிப்படுத்திய பிறகு, அந்தக் கலவையின் தயாரிப்பும் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டன.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணை மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்பது திருச்சிக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்த கருடவாகன பட்டரின் பெயரை 1493-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சீட்டு இல்லாமல் கல்லாவுக்கு மேலே கைமாறும் அட்டைக்கு எந்தப் பெயரும் இல்லை.

பயந்துபோய் எல்லாவற்றையும் பூட்டுவதும் தீர்வல்ல. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டுத்தான் வழி கொஞ்சம் இலகுவானது. மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளியின் உடல் அதற்குப் பழகிப்போகலாம். அதனால் அவர் போதைக்கு அடிமையானவர் ஆகிவிடமாட்டார். அவருக்கு அது உரிமை.

என் முடிவு இது: பொறுப்பை அறிவின் அளவால் நிறுக்க வேண்டும். மருந்தின் வேதியியல் முழுதும் அறிந்த நிறுவனம், அனுமதி தரும் அரசு, சீட்டு எழுதும் மருத்துவர், பதிவேடு வைத்திருக்கும் கடைக்காரர் என்று வரிசையாக இறங்கி, கடைசியில்தான் அந்தப் பையன் நிற்கிறான். நாமோ கீழிருந்து எண்ணத் தொடங்கி அவனோடு நிறுத்திவிடுகிறோம். அவனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு: சிகிச்சைக்கு வருவது. ப்யூப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளால் உடலின் தவிப்பை அடக்கி மெல்ல மீட்க முடியும். 2017-ன் மனநலச் சட்டம் இந்த அடிமைத்தனத்தை நோயாகவே ஏற்கிறது. கட்டிப்போட்டு அடிக்கும் இடம் சிகிச்சை மையம் அல்ல. 14446 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். வீட்டில் ஒருவர் இப்படித் தவித்தால் அவமானம் என்று மறைக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அவர் வந்துவிட்டால் அவருடைய கடமை முடிந்தது. மேலே நிற்பவர்கள் தங்கள் கடமைக்குக் கணக்குச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.