ஜெரெஜாக் தீவும் நம் முன்னோரும்

1969இல் தொடங்கப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பயிலப் பினாங்கு வரும் பிறநாட்டு மாணவர்கள், வார இறுதிகளில் தீவைச் சுற்றி மகிழ்வர். கொடிமலை இரயிலில் ஏறுவர். பாயான் லெப்பாஸில் எழுந்த பாம்புக் கோயிலைக் காண்பர். அக்கரையின் எதிரே, பசுமை போர்த்த ஜெரெஜாக் தீவைக் கண்டு வியப்பர்.

மாணவச் செல்வங்களே! நம் முன்னோருக்கு அது காட்சித் தீவன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தொழிலாளரை, தொற்றுநோய் பரவாதிருக்க அங்கே தனித்து வைத்தனர்; பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர். தொழுநோயாளர் இல்லமும், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையும் அங்கிருந்தன.

எழுத்தறியாது அங்கு இறங்கியவர் பலர். அவர்தம் வழிவந்த நாம் இன்று பல்கலைக்கழகம் புகலாம். நன்கு கற்று அங்குச் செல்லுங்கள். ஒருநாள் அத்தீவை நோக்கி நின்று, அவர்களை நன்றியோடு நினையுங்கள்.