கீஸர் சிறிசு, கரண்ட் பெரிசு!

"சின்ன கீஸர்தானேம்மா, இருக்கிற பிளக்கிலேயே மாட்டிடலாம்" என்றார் மாட்ட வந்தவர். நான் சம்மதிக்கவில்லை. உடனடி கீஸர் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. போடச் சொன்னேன். ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே!

எர்த் மிக முக்கியம். உள்ளே கம்பிச்சுருள் பழுதாகிக் கரண்ட் கசிந்தால், தண்ணீர் வழியே நம் உடம்பில் பாயும். பச்சை எர்த் ஒயரோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும்.

வெந்நீர் இரண்டு நாள் தாமதமானால் குடி முழுகிப் போகாது. எர்த் இல்லாமல் மட்டும் ஸ்விட்சைப் போடாதீர்கள், சகோதரிகளே!